கிழக்கு ஆப்பிரிக்க மேய்ச்சல் பகுதிகளில் கால்நடை நிபுணர் வேலை: வேலூரில் இருந்தே எதையெல்லாம் பழகிக்கொள்ளலாம்?

காட்பாடி_மாணவி:

வணக்கம். பி.வி.எஸ்சி. (கால்நடை மருத்துவம்) கடைசி வருஷம். வடக்குக் கென்யா, தெற்கு எத்தியோப்பியா பக்கம் மேய்ச்சல் சமூகங்களோடு வறட்சித் தாங்குதிறன் திட்டங்களில் வேலை செய்ய விருப்பம். வேலை விளம்பரங்களில் எல்லாம் ஒரே மாதிரி பெரிய பெரிய வார்த்தைகள். அந்த நிபுணர் களத்தில் நிஜமாகவே என்ன செய்கிறார் என்று புரியவில்லை. மூன்று கேள்விகள்:

1. வறட்சி வரும்போது என்ன முடிவு, எந்த நேரத்தில், எதைப் பார்த்து எடுக்கிறார்கள்?
2. நம்ம படிப்பில் இல்லாத எதைத் தனியாகக் கற்க வேண்டும்?
3. ஜவ்வாது மலை, அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கம் கிடை போடுகிறவர்களிடம் இதில் எதையாவது இப்போதே செய்து பழக முடியுமா?

தெரிந்த அண்ணன்கள், அக்காக்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

வறட்சிக்_கணக்கு:

முதல் கேள்விக்கு மட்டும் இப்போது பதில் சொல்கிறேன். மற்ற இரண்டும் அதிலிருந்துதான் வரும்.

அங்கே மழை இரண்டு பருவம்: மார்ச் முதல் மே வரை, பிறகு அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஒரு பருவம் பொய்த்தால் மந்தை மெலியும், ஆனால் சமாளித்துவிடுவார்கள். தொடர்ந்து இரண்டு போனால் சாவு தொடங்கும். 2020 கடைசியில் ஆரம்பித்த வறட்சியில் அடுத்தடுத்து ஐந்து பருவம் போயிற்று. அதனால் நிபுணருடைய வேலையில் பெரும்பகுதி ‘எப்போது’ என்ற கேள்விதான்.

கென்யாவில் தேசிய வறட்சி மேலாண்மை ஆணையம் மாவட்டவாரியாக மாதாமாதம் அறிக்கை போடுகிறது. நிலைகள்: இயல்பு, எச்சரிக்கை, அபாயம், அவசரம், மீட்சி. எதை வைத்து நிலையை மாற்றுகிறார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. செயற்கைக்கோள் படத்திலிருந்து தாவரநிலைக் குறியீடு (புல்லும் செடியும் எவ்வளவு பச்சையாக இருக்கிறது என்பதை 0 முதல் 100 வரை காட்டும் எண்) எடுக்கிறார்கள். மூன்று மாதச் சராசரி 35க்குக் கீழே போனால் மிதமான வறட்சி, 20க்குக் கீழே கடுமை, 10க்குக் கீழே மிகக் கடுமை. அதோடு மாட்டின் உடல்நிலை மதிப்பெண் (எவ்வளவு மெலிந்திருக்கிறது என்ற அளவு), பால் அளவு, தண்ணீருக்கு நடக்கும் தூரம், குழந்தைகளின் மேல்கைச் சுற்றளவு (ஊட்டக்குறைவைக் காட்டுவது), ஒரு ஆட்டை விற்றால் எத்தனை கிலோ மக்காச்சோளம் வாங்கலாம் என்ற விகிதம். கடைசியில் சொன்னதைப் பாடத்தில் யாரும் சொல்லித்தருவதில்லை. ஆனால் களத்தில் அதை உன்னிப்பாகப் பார்ப்பார்கள், ஏனென்றால் மக்களின் நெருக்கடி சந்தை விலையில் தெரிந்துவிடும்.

நிலைக்கு ஏற்ற வேலை இப்படி:

எச்சரிக்கை நிலையில் விற்பனை. மாடு இன்னும் லாரி ஏறும் நிலையில் இருக்கும்போதே வியாபாரியைக் கொண்டுவந்து விடவேண்டும். 2006இல் எத்தியோப்பியாவின் மொயாலே பகுதியில் இதைச் செய்தார்கள். திட்டம் தானே மாடு வாங்கவில்லை. வியாபாரிகளை அழைத்துவந்து மேய்ப்பர்களோடு அறிமுகம் செய்து, இரண்டு பேருக்குக் கடன் கொடுத்தது. ஏறக்குறைய 20,000 மாடுகள் விலைபோயின. செலவுக்கும் பலனுக்கும் விகிதம் 1க்கு 41 என்று பிறகு மதிப்பிட்டார்கள். வந்த பணத்தில் மக்கள் தானியம் வாங்கினார்கள், மீதி மாட்டுக்குத் தீவனமும் மருந்தும் வாங்கினார்கள், மேய்ச்சல் இருக்கும் இடத்துக்கு மந்தையை லாரியில் அனுப்பினார்கள்.

அபாய நிலையில் தீவனம். எல்லா மாட்டுக்கும் கிடையாது. இனப்பெருக்கத்துக்கான தாய்மாடுகள், இளம் கன்றுகள், அவ்வளவுதான். எல்லாவற்றுக்கும் பங்கிட்டால் எதுவுமே பிழைக்காது. 250 கிலோ மாட்டுக்கு நாளொன்றுக்கு எடையில் இரண்டரை சதவீதம், அதாவது சுமார் ஆறு கிலோ உலர்தீவனம் வேண்டும். வறட்சியில் உயிரைப் பிடித்துவைக்கப் பாதி கொடுத்து ஓட்டலாம். பாலும் சினையும் எதிர்பார்க்க முடியாது.

அவசர நிலையில் வெட்டிக் கறியாகப் பங்கிடுவதுதான் மிச்சம். சந்தையில் விலைபோகாத மாட்டை வாங்கி, மருத்துவர் சோதித்த பிறகு அங்கேயே அறுத்துக் குடும்பங்களுக்குக் கொடுப்பார்கள்.

எங்கே தவறுகிறது என்றால் பணம் வருவதில். அறிக்கை எச்சரிக்கை சொன்ன பிறகு நிதி ஒப்புதல் ஆக மூன்று நான்கு மாதம் பிடிக்கும். அதற்குள் மாட்டின் உடல்நிலை மதிப்பெண் மிகவும் கீழே போய்விடும். லாரியில் ஏற்றினால் வழியிலேயே படுத்துவிடும் என்று வியாபாரிக்குத் தெரியும், வரமாட்டான். எச்சரிக்கை நிலைக்குப் போட்ட திட்டத்தை அவசர நிலையில் நடத்துவதுதான் அங்கே அடிக்கடி நடக்கும் வீண்செலவு.

தண்ணீர் பற்றியும் ஒரு வார்த்தை. புல் இல்லாமல் சாகிற மாடுதான் அதிகம், தாகத்தில் சாவது குறைவு. ஈரக்கால மேய்ச்சல் நிலத்தின் நடுவே ஆழ்துளைக் கிணறு போட்டால் மந்தைகள் ஆண்டு முழுக்க அங்கேயே நிற்கும். சுற்றிலும் சில கிலோமீட்டர் கட்டாந்தரையாகிவிடும். அடுத்த வறட்சியில் தண்ணீர் இருக்கும், தின்ன ஒன்றும் இருக்காது. கிணறு தோண்டும் திட்டத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், அந்த இடத்தை யார் எந்த மாதத்தில் மேய்க்கிறார்கள் என்று பெரியவர்களிடம் கேட்டு வரைபடம் போடச் சொல்வார்கள்.

இதற்கெல்லாம் பொதுவான கைநூல் ‘லெக்ஸ்’ எனப்படும் அவசரகாலக் கால்நடை வழிகாட்டி நெறிகள். முதல் பதிப்பு 2009, மூன்றாம் பதிப்பு 2023. இலவசமாகக் கிடைக்கிறது. வேலை நேர்காணலில் இதிலிருந்து கண்டிப்பாகக் கேட்பார்கள்.

ராணிப்பேட்டை_ஊசி:

நல்ல பதில். நோய்ப் பக்கம் நான் சேர்க்கிறேன்.

மாடுகளைக் கூட்டமாகக் கொன்ற வெக்கை நோய் உலகத்திலிருந்து ஒழிந்ததாக 2011இல் அறிவித்தார்கள். அதில் கிழக்கு ஆப்பிரிக்காவின் பங்கு பெரியது. கென்யாவின் முகுகாவில் வால்டர் ப்ளோரைட் உருவாக்கிய திசுவளர்ப்புத் தடுப்பூசி நன்றாக வேலை செய்தது, ஆனால் குளிர் வேண்டும். எத்தியோப்பியாவின் அஃபார் மாதிரி இடத்தில் குளிர்ப்பெட்டியோடு போய்ச் சேர்வதே பெரும்பாடு. 1990களின் தொடக்கத்தில் ஜெஃப்ரி மரீனர் குழு உலர்த்தும் முறையை மாற்றி, வெப்பத்தைத் தாங்கும் ஊசியைக் கொண்டுவந்தது. குளிர் இல்லாமலே சுமார் ஒரு மாதம் தாங்கும். அதைத் தூக்கிக்கொண்டு நடந்து போனவர்கள் மருத்துவர்கள் அல்ல, ஊரே தேர்ந்தெடுத்துச் சில வாரம் பயிற்சி பெற்ற மேய்ப்பர்கள். சமூகக் கால்நடைப் பணியாளர் என்பார்கள். எத்தியோப்பியாவின் கடைசி வெக்கை வெடிப்பு 1995, அஃபாரில். இந்தியாவுக்கும் கடைசி வருஷம் அதே 1995, அதுவும் நம்ம தமிழ்நாட்டில். உலகத்தின் கடைசி உறுதியான பதிவு 2001, கென்யாவின் மேரு தேசியப் பூங்காவில் காட்டெருமை.

இப்போது அதே வழியில் ஆட்டுக்கொல்லி நோயை 2030க்குள் ஒழிக்க இலக்கு. இந்தியாவில் இந்த நோய் முதலில் கண்டறியப்பட்டது 1987இல் விழுப்புரம் பக்கம் அரசூரில். அங்கே எடுத்த கிருமியிலிருந்து உருவானதுதான் அரசூர்/87 தடுப்பூசி வகை. ஆப்பிரிக்காவில் அதிகம் போடுவது நைஜீரியா 75/1. ராணிப்பேட்டையில் நோய்த்தடுப்பு மருந்து நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது, ஒரு முறை அனுமதி வாங்கிப் போய்ப் பாருங்கள். (ராணிக்கெட் கழிச்சல் நோய்க்கும் நம்ம ராணிப்பேட்டைக்கும் சம்பந்தமில்லை. அந்த ராணிக்கெட் வடக்கே உத்தராகண்டில் இருக்கிறது. நேர்காணலில் உளறிவிடாதீர்கள்.)

ஆட்டுக்கொல்லி ஊசி போடுவதில் கெட்டுப்போகும் இடங்கள், அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான்:

கரைக்கும் திரவத்தையும் முந்தைய இரவே குளிரில் வைக்க வேண்டும். ஊசிமருந்தைப் பத்திரமாக ஐஸில் கொண்டுபோய், வெயிலில் கிடந்த திரவத்தில் கரைத்தால் கிருமி செத்துப்போகும். குப்பிக்குள் இருப்பது உயிர்க்கிருமி.

சிரிஞ்சை ஸ்பிரிட், டெட்டால் எதிலும் கழுவக்கூடாது. வெறும் தண்ணீரில் கொதிக்கவைத்து ஆறவிட்டால் போதும். தோலில் ஸ்பிரிட் தடவினால் காய்ந்த பிறகுதான் குத்த வேண்டும்.

ஒரு மில்லி, தோலுக்கடியில், நான்கு மாதத்துக்கு மேற்பட்ட குட்டிக்கு. அதற்கு முன்னால் போட்டால் தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச்சக்தி ஊசியை அடக்கிவிடும். கரைத்த குப்பியை இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். 100 டோஸ் குப்பியை உடைத்து 30 ஆடுதான் கிடைத்தது என்றால் மீதியைக் கொட்டுங்கள், மதியத்துக்கு வைக்காதீர்கள்.

போட்ட ஆட்டுக்குக் காதிலோ கொம்பிலோ அடையாளம். இல்லையென்றால் சாயங்காலம் வேறு கிடையோடு கலந்துவிடும், எத்தனை சதவீதம் முடிந்தது என்று யாருக்கும் தெரியாது. மூன்று வருஷத்துக்கு எதிர்ப்பு நிற்கும் என்பதால், வருஷாவருஷம் எல்லாவற்றுக்கும் போடுவதை விடப் புதுக்குட்டிகளைத் தேடிப்பிடிப்பதுதான் வேலை.

மந்தைக்குள் ஏற்கெனவே மூக்கொழுகலும் கழிச்சலும் இருந்தால் அங்கே அன்றைக்கு ஊசி போடாதீர்கள். நோய் ஊசியோடு பரவும், ஊசி கொன்றது என்று பேர் வரும், அடுத்த ஐந்து கிராமம் கதவைச் சாத்திவிடும்.

பாடத்தைத் தாண்டி நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டிய நோய்கள்: வெள்ளாட்டுத் தொற்று நுரையீரல் நோய், கிழக்குக் கடற்கரைக் காய்ச்சல் (பழுப்புக் காது உண்ணி பரப்புவது), பெருமழைக்குப் பின் கொசுவால் வரும் ரிஃப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சல். கடைசியில் சொன்னது மனிதருக்கும் வரும். 1997-98, 2006-07 இரண்டு பெரிய வெடிப்புமே எல் நினோ மழைக்குப் பிறகு. கருச்சிதைவு கூட்டமாக வந்தால் வெறுங்கையால் குட்டியை இழுக்கவே கூடாது என்ற பழக்கம் இங்கேயே வரட்டும்.

காட்பாடி_மாணவி:

ரொம்ப நன்றி. சமூகப் பணியாளர் முறை அவ்வளவு நன்றாக இருந்தால் ஏன் எல்லா இடத்திலும் நிலைக்கவில்லை? அப்புறம் ‘பங்கேற்பு நோய்ப்பரவியல்’ என்று சொல்கிறார்களே, அதைப் பயிற்சி இல்லாமல் செய்யமுடியுமா?

வறட்சிக்_கணக்கு:

நிலைக்காததற்குக் காரணம் பெரும்பாலும் இலவச மருந்து. பணியாளர் மருந்துக்கடையில் வாங்கி, சிறிது லாபம் வைத்து விற்றுத்தான் வருமானம் பார்க்கிறார். வறட்சி வந்ததும் வேறொரு நிறுவனம் வந்து லாரியில் மருந்தை இறக்கி ஓசியில் கொடுக்கும். பணியாளர் தொழிலை விட்டுவிடுவார், மருந்துக்கடையும் மூடும். அடுத்த வருஷம் நிறுவனமும் இருக்காது. அதனால் இப்போது பல இடங்களில் கூப்பன் கொடுக்கிறார்கள். மேய்ப்பர் கூப்பனைப் பணியாளரிடம் கொடுப்பார், அவர் கடையில் மாற்றுவார். மருந்தும் கிடைக்கும், கடையும் பிழைக்கும். நம்ம ஊர் பசு சகிகள் (பயிற்சி பெற்ற பெண் கால்நடைப் பணியாளர்கள்) திட்டத்திலும் இதே வியாதி வருமா என்று பாருங்கள், நல்ல ஆய்வுத் தலைப்பு.

இன்னொன்று சட்டம். கென்யாவில் 2011 சட்டப்படி பதிவில்லாதவர் சிகிச்சை செய்யக்கூடாது. அதனால் பணியாளர்களை ‘நோய்த் தகவலாளர்’ என்று மாற்றிவிட்டார்கள். நீங்களும் அங்கே கென்யக் கால்நடை மருத்துவ வாரியத்தில் பதிவு செய்யாமல் ஊசியைத் தொடக்கூடாது.

மேய்ப்பர்களிடமே கேட்டு நோய்க்கணக்கு எடுப்பதுதான் பங்கேற்பு நோய்ப்பரவியல், அதற்கு நூறு புளியங்கொட்டை போதும். ஜவ்வாது மலையிலேயே செய்யலாம். ஐந்தாறு பேரை, ஆடு மேய்க்கிறவர்களாகப் பார்த்து உட்காரவையுங்கள். ஊர்த்தலைவரை மட்டும் உட்காரவைத்தால் தலைவர் சொன்னதுதான் பதில். நோய்ப் பெயரை நீங்கள் முதலில் சொல்லாதீர்கள். போன வருஷம் ஆட்டுக்கு என்னென்ன வந்தது என்று கேட்டு, அவர்கள் சொல்லும் பெயரிலேயே தரையில் வட்டம் போடுங்கள். ஆரோக்கியமான ஆட்டுக்கும் ஒரு வட்டம். நூறு கொட்டையைக் கொடுத்து, மந்தை நூறு என்றால் எதெதில் எத்தனை என்று பிரிக்கச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு நோய்க் குவியலையும் ‘பிழைத்தது, செத்தது’ என்று இரண்டாக்கச் சொல்லுங்கள். எண்ணிக்கொள்வது கடைசியில், நடுவில் எண்ணினால் அவர்கள் உங்களைப் பார்த்து மாற்றுவார்கள். குறைந்தது மூன்று குழுவிடம், அதில் ஒன்று பெண்களாக. குட்டிச் சாவும் பால் வற்றியதும் அவர்களுக்குத்தான் தெரியும். மூன்று குழுவும் ஒத்துப்போகாத நோயைத்தான் நீங்கள் போய்ச் சவப்பரிசோதனையில் உறுதி செய்ய வேண்டும்.

ஒடுகத்தூர்_சந்தை:

தங்கச்சி, ஆப்பிரிக்கா எனக்குத் தெரியாது, ஆடு தெரியும். மேல சொன்ன ஆடு-சோளம் கணக்கை இங்க செய்யலாம். வெள்ளிக்கிழமை ஒடுகத்தூர் சந்தை, செவ்வாய்க்கிழமை பொய்கை மாட்டுச்சந்தை. ஒரே சைஸ் கிடா, பல்லு போடாதது, விலை எழுதிக்க. அதே நாள் கடலைப் புண்ணாக்கு விலை எழுதிக்க. ஒரு கிடாவுக்கு எத்தனை கிலோ புண்ணாக்குன்னு வகுத்துப் பாரு. பக்ரீத், ஆடி மாசம் வந்தா விலை தானா ஏறும், அதைத் தனியா வெச்சிக்க, இல்லைன்னா கணக்கு ஏமாத்திடும். மத்த நாள்ல தொடர்ந்து மூணு வாரம் எறங்குனா, மேய்ச்சலும் காஞ்சிருந்தா, கிடாவையும் கெழட்டு ஆட்டையும் அப்பவே தள்ளிடணும். நம்ம ஆளுங்க இன்னா பண்றாங்கன்னா, மழை வரும் வரும்னு பாத்து முதுகெலும்பு தெரியற வரைக்கும் வெச்சிருந்து அரை விலைக்குக் குடுக்கறாங்க.

தீவனக் கணக்கு: 40 ஆட்டுக்கு ஆளுக்கு 400 கிராம் கைத்தீவனம் 90 நாளுக்கு 1,440 கிலோ. 15ஐ வித்துட்டு 25 தாயாட்டை மட்டும் வெச்சிக்கினா 900 கிலோ. வித்த துட்டுல அந்த 900 கிலோவை வாங்கலாம். கடலைக்கொடி அறுவடை சமயத்துல சல்லிசா கெடைக்கும், அப்பவே வாங்கிப் போர் போட்டுடணும். மழையில நனைஞ்சு பூஞ்சை புடிச்ச கொடியைப் போடாத, கல்லீரல் போயிடும்.

மாட்டுக்கு வைக்கோல்னா யூரியா வைத்தியம் பண்ணலாம். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 65 லிட்டர் தண்ணி. அடுக்கடுக்கா தெளிச்சு மிதிச்சு, காத்து போகாம தார்ப்பாய் மூடி 21 நாள். தெறந்து ஒரு மணி நேரம் காத்தாட விட்டு அப்புறம் போடணும். ஆறு மாசத்துக்குக் கீழ கன்னுக்குட்டிக்குக் கூடாது. யூரியாவைத் தண்ணியில கலக்கிக் குடிக்க வெக்கறவங்களும் இருக்காங்க, அந்த மாடு அன்னிக்கே போயிடும்.

வேலிக்காத்தான் காய் வேணும்னா அரைச்சுக் குடு. முழுசா தின்னா கொட்டை சாணியில வந்து எல்லா எடத்துலயும் மொளைக்கும்.

வறட்சிக்_கணக்கு:

அண்ணன் சொன்ன வேலிக்காத்தான் அங்கேயும் இருக்கிறது. அதே சீமைக்கருவேலம். கென்யாவின் பரிங்கோவில் ‘மத்தெங்கே’ என்பார்கள். 1980களில் பசுமைக்காகக் கொண்டுவந்து நட்டது, இப்போது மேய்ச்சல் நிலத்தை விழுங்கிவிட்டது. அஃபாரிலும் அதே கதி. அரைத்த காயை ஆட்டுத்தீவனத்தில் ஐந்தில் ஒரு பங்குவரை சேர்க்கலாம்.

பச்சைக்_கணக்கு:

காப்பீட்டை யாரும் தொடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நைரோபியில் தலைமையிடம் கொண்ட சர்வதேசக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் 2010 ஜனவரியில் வடக்குக் கென்யாவின் மர்சபிட்டில் குறியீட்டுக் காப்பீட்டைத் தொடங்கியது. முன்னின்று நடத்தியவர் கென்யப் பொருளியலாளர் ஆண்ட்ரூ மூடே. 2016இல் நார்மன் போர்லாக் களஆய்வு விருது பெற்றார். செத்த மாட்டை யாரும் போய் எண்ணுவதில்லை. செயற்கைக்கோளில் பச்சை ஒரு அளவுக்குக் கீழே போனால், அந்தப் பகுதியில் பாலிசி வைத்திருக்கும் எல்லாருக்கும் பணம். காப்பீட்டுக் கணக்கில் ஒரு மாடு ஒரு அலகு, ஒட்டகம் 1.4, பத்து ஆடு ஒரு அலகு. முதல் பட்டுவாடா 2011 அக்டோபரில். ஆரம்பத்தில் மாடு செத்தபின் ஈடு கொடுப்பதாக இருந்தது. பிறகு சாவதற்கு முன்பே, தீவனம் வாங்கும் நேரத்தில் பணம் போகிற மாதிரி மாற்றினார்கள். அந்த மாற்றம்தான் முக்கியம். 2015இல் கென்ய அரசே பிரீமியம் கட்டும் திட்டமும் வந்தது.

குறை: செயற்கைக்கோளுக்குப் பச்சை தெரியும், ஆடு தின்னுமா என்று தெரியாது. சீமைக்கருவேலம் பரவிய இடம் வறட்சியிலும் பச்சையாக இருக்கும். மேய்ப்பர் மாட்டை இழந்திருப்பார், பணம் வராது. வேலூரில் இதை அப்படியே கொண்டுவந்தால் இன்னும் மோசம். மாந்தோப்பு, தென்னை, கரும்பு, பாசன நெல் எல்லாம் சேர்ந்து மாவட்டம் பச்சையாகத் தெரியும். ஆட்டுக்காரர் மேய்ப்பதோ புறம்போக்கிலும் ஏரிக்கரையிலும் காப்புக்காட்டு ஓரத்திலும். குறியீடு போடுவதென்றால் அந்த நிலங்களை மட்டும் வெட்டியெடுத்துப் போட வேண்டும். முதுகலை ஆய்வுக்கு இதை எடுத்துக்கொண்டால் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, செலவு கிடையாது.

இங்கே இப்போது இருப்பது தேசியக் கால்நடை இயக்கத்தின் தனிப்பட்ட காப்பீடு. 2024 மாற்றத்தின்படி உரிமையாளர் பங்கு பிரீமியத்தில் 15 சதவீதம். காதுவில்லை விழுந்துவிட்டால் உரிமைத்தொகை கேட்பது கஷ்டம். மேய்ச்சலில் முள்ளில் மாட்டி அறுந்துபோகும், உடனே மறுவில்லை போட்டு எழுத்தில் தெரிவிக்கச் சொல்லுங்கள்.

வறட்சிக்_கணக்கு:

வேலைக்கான பாதை பற்றிச் சுருக்கமாக. கள அளவிலான வேலைகளுக்கு அந்த நாட்டு மருத்துவர்களே இருக்கிறார்கள், நன்றாகவும் செய்கிறார்கள். வெளியாளை எடுப்பது நோய்ப்பரவல் தரவு, மதிப்பீடு, சந்தை ஆய்வு, காப்பீடு மாதிரி வேலைகளுக்கு. எனவே முதுகலையில் நோய்ப்பரவியலோ கால்நடைப் பொருளியலோ எடுங்கள். மொழியில் சுவாஹிலி அவசியம். அதோடு போரானா ஒரோமோ தெரிந்தால் எல்லையின் இரண்டு பக்கமும் பேசலாம்.

ஒட்டகம் தெரியாமல் போகாதீர்கள். மாடு போன வறட்சிகளுக்குப் பிறகு அங்கே பல குடும்பங்கள் ஒட்டகத்துக்கு மாறிவிட்டன. நம்ம கல்லூரியில் பார்க்கக் கிடைக்காது. பிக்கானேரில் தேசிய ஒட்டக ஆராய்ச்சி மையம் இருக்கிறது, உள்ளிருப்புப் பயிற்சிக் காலத்தில் எழுதிக் கேளுங்கள். ரத்த ஒட்டுண்ணியால் வரும் சர்ரா நோய்க்கு ரத்தத்துளி சோதனை, கன்று ஈனும்போது உதவுவது, திமிலை வைத்து உடல்நிலை மதிப்பெண் போடுவது, இந்த மூன்றையும் கையால் செய்துபார்த்துவிட்டு வாருங்கள். சர்ராவுக்கு மருந்து கொடுக்கும்போது கவனம்: மாட்டுக்குப் போடும் டைமினசீன் ஒட்டகத்துக்கு விஷமாகலாம்.